தேவாங்கு

மெலிந்த மேனியும் மருண்ட விழியும் உடைய மாணவன் ஒருவன் விடுதியில் வந்து சேர்வானாயின், அவன் பெட்டியைக் கீழே இறக்கு முன்னரே அவனுக்கு ஒரு பட்டம் சூட்டப்பெறும். 'தேவாங்கு' என்பது அப்பட்டம். பல்கலைக்கழகம் வழங்கும் பட்டத்துக்கு மூன்றாண்டு உழைக்க வேண்டும். இதற்கோ உழைப்பு யாதும் வேண்டுவதில்லை. யான் இதனைப் பெற்ற நாளன்று, மனமுவந்து அளித்த நண்பரை நோக்கி, "நீ தேவாங்கைக் கண்டதுண்டா?" என வினவினேன். "கண்டதில்லை. கண்டுதானா அறிய வேண்டும்? அது உன்னைப் போலத்தான் இருக்கும்" என விடை வந்தது.

வேதாகமத்தின் முதல் நூலில், ஆதாம் விலங்குகளைத் தன் முன்னே கண்டு, கண்டபின் பெயரிட்டான் எனப் படிக்கின்றோம். நாமோ காணாத விலங்கொன்றின் பெயரை எடுத்துக் கண்முன் நிற்கும் மனிதனுக்கு இடுகின்றோம். அன்று முதல் அவ்விலங்கின்பால் எனக்கு ஒருவகை உறவு உண்டாயிற்று. நூல்களிற் கற்றவற்றையும், சென்ற கோடை விடுமுறையில் ஓரிரவு நேரிற் கண்டதனையும் சேர்த்து ஈண்டு எழுதத் துணிகின்றேன். விலங்கு நூல் கற்கும் நண்பர்கள், தமிழ் வகுப்பினன் ஒருவன் தம் எல்லையுட் புகுந்ததைப் பொறுத்தருள்வாராக.

தமிழ் பயில்வோன் ஆதலின் முதலிற் பெயரையே ஆராயப் புகுந்தேன். ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் என்பார் 1845 முதல் 1850 வரை இலங்கையில் ஆங்கில அரசாங்கத்தின் செயலாளராக இருந்தவர். அந்நாட்டு உயிர்வகைகளைப் பற்றி அவர் 1861-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதன்கண் இவ்விலங்கின் தமிழ்ப் பெயருக்கு மெல்லிய உடலது என்பது பொருள் என்றும், அதனாலேயே உடல் இளைத்தாரையும் உறுப்புக் குறையோடு பிறந்த குழந்தையையும் தமிழர் அப்பெயரால் அழைப்பர் என்றும் கூறியுள்ளார். 'தேவ அங்கம்' எனப் பிரித்துப் பொருள் காண்பது எளிதேயாயினும், ஏசும் வழக்கோடு அது பொருந்துமாறில்லை. சொற்பிறப்பு எவ்வாறாயினும் ஆகுக. நூற்றறுபது ஆண்டுகட்கு முன்னரே இச்சொல் ஏச்சாக வழங்கியது என்பது தெளிவாதலின், என் நண்பர் புதிதாக யாதும் இயற்றினாரல்லர் என அறிந்து ஆறுதலுற்றேன். வெளிறிய நிறமுடைய தேவாங்கின் நெற்றியில் வைணவர் இடும் குறியையொத்த ஒரு கோடு உண்டு என்றும், அதுபற்றி அதனை 'நாமத் தேவாங்கு' என அழைப்பர் என்றும் அந்நூலே கூறுகிறது. இப்பெயரை இட்டவன் அவ்விலங்கை நேரிற் கண்டவன் என்பதில் ஐயமில்லை.

மேல்நாட்டாரும் இவ்வகையில் நம்மினும் மேம்பட்டாரல்லர். 'லோரிஸ்' என அவர் வழங்கும் பெயர், கோமாளி அல்லது மூடன் எனப் பொருள்படும் ஒரு டச்சுச் சொல்லினின்று வந்ததென்பர். 1758-ல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் இதற்கு இலத்தீன் மொழியிற் பெயரிட்டபோது, மெல்ல நடப்பது என்னும் பொருளில் 'டார்டிகிராடஸ்' என்றார். மலையாளத்தார் 'குட்டித்தேவாங்கு' என்பர். தெலுங்கர் இதனைப் பூனையோடு சேர்த்து 'தேவாங்க பில்லி' என்பர். சிங்களவர் 'உணஹபுளுவா' என்பர். அன்பு தோன்றப் பெயரிட்டவர் கன்னடர் ஒருவரே போலும். அவர் இதனைக் 'காடுபாப' என்பர். காட்டுக் குழந்தை என்பது அதன் பொருள்.

இக்கன்னடப் பெயரைக் கேட்ட அளவிலே ஆங்கிலம் வல்லார்க்குப் பிறிதொரு விலங்கு நினைவுக்கு வரும். ஆப்பிரிக்காவில் சஹாராப் பாலைவனத்துக்குத் தெற்கே வாழும் 'புஷ் பேபி' என்னும் சிறு விலங்கே அது. தமிழிற் கூறின் அதுவும் புதர்க் குழந்தையே. இரவில் அது எழுப்பும் குரல் குழந்தையின் அழுகையை ஒத்திருத்தலின் அப்பெயர் வந்ததென்பர். கடல் கடந்த இரு நாட்டார், ஒருவர் சொல்லை மற்றவர் அறியாது, ஒரே வகையான பெயரை இரு விலங்குகட்கு இட்டனர். அவ்விரு விலங்கும் உண்மையில் உறவினவே என்பதுதான் வியப்பு. இரண்டும் குரங்குகள் அல்ல. குரங்கும் மனிதனும் உள்ளிட்ட பெருங்குலத்தில் ஈரமூக்குடைய கிளையைச் சேர்ந்தவை. மடகாஸ்கர் தீவின் லெமூர்களும் அக்கிளையினவே. எகிப்து நாட்டின் ஃபயூம் என்னுமிடத்திற் கிடைத்த பற்களும் தாடைத் துண்டுகளும் பற்றிய ஆராய்ச்சி 2003-ல் வெளியாயிற்று. அதனால், தேவாங்கின் வழியும் புதர்க் குழந்தையின் வழியும் ஏறத்தாழ 3 கோடியே 70 இலட்சம் ஆண்டுகட்கு முன்னரே பிரிந்துவிட்டன என்பது புலனாயிற்று.

பிரிந்த பின்னர் இரண்டும் வாழக் கற்ற முறைகள் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. புதர்க் குழந்தை தாவிப் பிழைப்பது. அதன் கணுக்கால் எலும்புகள் நீண்டு வில்லின் விசை போலப் பயன்படுகின்றன, நீண்ட வாலொன்று தாவும்போது உடலை நிலைநிறுத்துகிறது, செவிகள் மடிக்கத்தக்கவை. இருநூறு கிராம் அளவே எடையுள்ள அவ்விலங்கு நின்ற நிலையிலிருந்து நேர் மேலாக 2.25 மீட்டர் எழும்பியதை 1960-களில் அளந்து பதிந்துள்ளனர். நம்மில் நெடியோன் ஒருவன் கையை உயர்த்தி நின்றால் எட்டும் உயரம் அது. தேவாங்கோ தாவுவதில்லை, அதற்கு வாலும் இல்லை. ஒரு கிளையைப் பற்றிய கையை, அடுத்த கிளையைப் பற்றுமுன் விடுவதில்லை. தாவுகின்ற விலங்கு இலையை அசைத்து ஓசை எழுப்பும். ஊர்கின்ற விலங்கு அவ்வாறு செய்யாது. கிளை அசையாமற் செல்வதே தேவாங்குக்குக் கவசம். இதனை மனத்திற் கொண்டு பார்ப்பின், நாம் நகைக்கும் அவ்வுருவத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் காரணம் விளங்கும்.

தேவாங்கின் உடல் ஒரு சாண் நீளமே உடையது. இன்று அறிஞர் தேவாங்கை இருவகையாகப் பிரிப்பர். இலங்கையில் மட்டும் வாழும் செந்தேவாங்கு சிறியது. அதன் எடை நூறு கிராமுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் சாம்பல் நிறத் தேவாங்கு பெரியது. அதுவும் ஒரு மாதுளங்கனியின் எடையை மிஞ்சுவதரிது. இவ்வுடலுக்குக் கையும் காலும் அளவிற்கு மிஞ்சி நீண்டவை. மூங்கிற் குச்சிகளை ஒட்டவைத்தாற்போலத் தோன்றுவன. ஆனால் தாவாத விலங்கு ஒரு கிளையினின்று மறு கிளைக்கு எவ்வாறு செல்லும்? இடைவெளியைக் கையால் எட்டிக் கடத்தல் வேண்டும். கை குறுகியிருப்பின் இடைவெளி தோறும் தரையில் இறங்க நேரும். எனவே அதன் மெலிவு நோயன்று, நடையே ஆம்.

கையின் அமைப்போ இன்னும் நுட்பமானது. நமக்குப் பயன் மிகுந்த சுட்டுவிரல் தேவாங்குக்குக் குறுகித் தேய்ந்துள்ளது. அஃது ஒரு குறை போலத் தோன்றும். சுட்டுவிரல் விலகிக் கொடுத்தமையால், கட்டைவிரல் ஒரு பக்கமும் ஏனைய விரல்கள் எதிர்ப்பக்கமுமாக அகல விரிந்து, கொல்லன் குறடு போலக் கிளையைக் கவ்வுகின்றன. கைகால்களுக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் பல நுண்குழாய்களாகப் பிரிந்து கற்றையாகச் செல்கின்றன. அதனால் நெடுநேரம் இறுகப் பிடித்திருப்பினும் தசை சோர்வதில்லை என்பர். காலின் இரண்டாம் விரலில் மட்டும் ஒரு கூர் நகம் உளது. அது மயிரைக் கோதுதற்கு. கீழ்த்தாடையின் முன்பற்கள் சீப்புப் போல ஒருங்கு நெருங்கி முன்னோக்கிச் சாய்ந்துள்ளன. அவையும் மயிர் கோதுதற்கே. அச்சீப்பிற் சிக்கிய மயிரை அகற்றுதற்கு நாவின் கீழே மற்றொரு சிறு நாவும் அமைந்துள்ளது. சீப்பும், சீப்பைத் துலக்கும் கருவியும் வாயிலேயே கொண்டு பிறந்த விலங்கை அழகற்றது என இகழ்வது எங்ஙனம் பொருந்தும்?

கண்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். ஏனெனின் இவ்விலங்கின் துன்பம் யாவும் கண்களால் வந்தது. அம்முகத்தில் கண்களே பெரும்பகுதி. இரண்டும் முன்னோக்கி அமைந்தமையால், பூச்சி எத்துணைத் தொலைவில் இருக்கிறது என அளந்தறியும் ஆற்றல் உண்டு. விழித்திரைக்குப் பின்னே கண்ணாடி போன்ற ஒரு படலம் உளது. விழியுட் புகுந்த ஒளி விழித்திரையை ஒருமுறை கடந்து, அப்படலத்திற் பட்டுத் திரும்பி, மீண்டும் ஒருமுறை கடக்கும். கிடைத்த சிறு ஒளியையே இருமுறை பயன்கொள்ளும் ஏற்பாடு இது. இருளில் நாம் விளக்கைக் காட்டும்போது அக்கண்கள் தணல் போல ஒளிர்வது, உட்சென்ற நம் விளக்கொளி திரும்பி வருதலாலேயேயன்றி அதற்கென உள்ளே தனியொளி இருப்பதனால் அன்று. பூனையின் கண்ணும் பசுவின் கண்ணும் ஒளிர்வது இவ்வாறே.

தேவாங்கின் இரவு வாழ்வைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றுட் பெரும்பகுதி திண்டுக்கல்லை அடுத்த அய்யலூர்ப் பகுதியிலிருந்து கிடைத்தது என்பது நம் நாட்டார் பலரும் அறியாத செய்தி. 1997, 1998 ஆண்டுகளில் அன்னா நெகாரிஸ் என்னும் மானிடவியல் அறிஞர் அங்குள்ள முட்காட்டில் இரவு தோறும் இவ்விலங்கைப் பின்தொடர்ந்தார். ஏறத்தாழ அக்காலத்திலேயே சிந்து ராதாகிருஷ்ணா, மைசூர்ப் பல்கலைக்கழகத்து மேவா சிங் ஆகியோரும் அப்பகுதியில் இதனை ஆராய்ந்தனர். வெண்ணிற ஒளி இராவிலங்கின் கண்ணைக் கூசச் செய்யும். ஆதலின் இத்தகைய ஆராய்ச்சியில் செந்நிற ஒளியையே கையாள்வர்.

அவர்கள் கண்டவற்றுள் முதலாவது, லின்னேயஸ் இட்ட பெயர் முற்றும் உண்மையன்று என்பது. வேண்டும்போது தேவாங்கு கிளைமேல் விரைந்து ஓடவும் வல்லது. இரண்டாவது, அது தனித்து உழலும் விலங்கு என்னும் பழங்கருத்தும் பிழையே. இரவில் தனித்தனியே இரை தேடினும், அவ்வப்போது கூடி ஒன்றை ஒன்று கோதிக்கொள்ளும். விடியும் வேளையில் ஒன்று சீழ்க்கையொலி எழுப்ப மற்றொன்று எதிரொலிக்கும். பின்னர்ச் சில சேர்ந்து, முட்கிளைகள் பின்னிய இடத்திற் பந்து போலச் சுருண்டு உறங்கும். அதற்குக் கூடு இல்லை. முள்ளே கூடு.

உணவோ பெரும்பாலும் பூச்சிகளே. எறும்பு, கறையான், வண்டு ஆகியவற்றைக் கையால் எட்டிப் பற்றி உண்ணும். நாற்றமும் நஞ்சும் உடையன எனப் பிற விலங்குகள் ஒதுக்கும் பூச்சிகளையும் அஃது ஒதுக்குவதில்லை. தன் சிறுநீரைக் கையிலும் காலிலும் தேய்த்துக்கொள்ளும் வழக்கமும் அதற்கு உண்டு. எறும்பின் கடியைத் தணித்தற்கு என்பர் சிலர். பிடி வழுக்காமைக்கு என்பர் வேறு சிலர். இதனைப் படித்த அன்று விடுதியில் யாரிடமும் கூறாது மறைத்தேன். எனக்கிருந்த பட்டம் ஒன்றே போதுமென்று.

தாயின் வயிற்றில் ஐந்தரைத் திங்கள் வளர்ந்து குட்டி பிறக்கும். அய்யலூரில் இரட்டைக் குட்டிகள் பிறத்தல் மிகுதி. ஓர் எலியின் குட்டி மூன்று வாரத்தில் உருவாகிப் பிறந்துவிடும். அதனினும் சிறிதே பெரிய இவ்விலங்குக்கு ஐந்தரைத் திங்கள் வேண்டியிருக்கிறது. ஆதலின் ஒன்று அழிந்தால் அவ்விடம் விரைவில் நிரம்புவதன்று. முதற் சில வாரங்கள் குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டிருக்கும். பின்னர் மாலையில் தாய் அதனை ஒரு கிளையில் இருத்திவிட்டு இரை தேடச் செல்லும். அவ்வாறு தனித்திருக்கும் குட்டியிடம் ஆண் தேவாங்குகள் வந்து விளையாடிச் செல்லுதலும் உண்டு. விடியுமுன் தாய் மீண்டு வந்து குட்டியை எடுத்துச் செல்லும். மீளாதாயின் குட்டியின் கதி யாது என்பதை யான் கூற வேண்டுவதில்லை.

தாய் மீளாமைக்குக் காரணம் பல உண்டு. பாம்பும் ஆந்தையும் காட்டுப்பூனையும் என்றும் உள்ளன. அவற்றுக்கு அஞ்சியே அந்நடை அமைந்தது. மனிதனுக்கு அந்நடை பயன்படாது. மனிதன் விரும்புவது அதன் கண்களை. டென்னன்ட் தம் நூலில், சிங்களவர் மந்திர மருந்துக்கும் வசிய மருந்துக்கும் இக்கண்களைக் கொள்வர் என்றும், அதன்பொருட்டு உயிருள்ள தேவாங்கைத் தீயருகிற் பிடித்துக் கண்களைப் பெறுவர் என்றும் எழுதியுள்ளார். அவ்வரிகளை இங்கே விரித்துரைக்க என் கை எழவில்லை. இரவில் மயிலின் கழுத்தை நெரித்து மூளையை உண்ணும் என ஒரு பழியும் இச்சாண் விலங்கின்மேல் சுமத்தப்பட்டிருந்ததாக அவரே கூறுகின்றார். கொல்லுதற்கு முன் பழி கூறுதல் மனிதர் வழக்கம் போலும். இவ்வாறு செய்வோர் சிங்களவர் மட்டும் எனத் தமிழர் நாம் மகிழ்தற்கில்லை. நம் நாட்டிலும் கண்ணோய்க்கு மருந்தென்றும், செய்வினைக்குத் துணையென்றும் தேவாங்கு பிடிக்கப்பட்டு வந்துளது. இருளிற் காணும் கண்ணை உண்டால் தன் கண்ணும் ஒளிபெறும் என்பது அவர் கருத்து. அவ்வொளி விளக்குடையோன் ஒளி என முன்னர்க் கூறினேன்.

இனி யான் கண்டதனைக் கூறுவல். என் தாய்மாமன் கடவூர் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரில் சபை உபதேசியாராக இருக்கிறார். சென்ற மே மாதம் அங்குச் சென்றிருந்தேன். ஒருநாட் பிற்பகல், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓலைக்கூடை ஒன்றைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு எங்கள் வாயில் வழியே சென்றான். அவன் நடையில் ஏதோ கள்ளம் இருந்தது. மாமா அவனை அழைத்தார்.

"கூடையில் என்னப்பா?"

"ஒன்றுமில்லை ஐயா. தேவாங்குதான்."

சந்தைக்கு வந்த வெளியூர் ஆள் ஒருவன், உயிரோடு கொண்டுவந்தால் ஐந்நூறு ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தானாம். சிறுவனின் பாட்டிக்குக் கண்ணிற் புரை. மருத்துவமனைக்குச் செல்லப் பேருந்துச் செலவு வேண்டும். இதனைக் கேட்டபோது எனக்கு அவன்மேற் சினம் எழவில்லை. ஒரு கண்ணைக் காத்தற்கு மற்றொரு கண்ணை விற்கச் செல்லும் அவனை எவ்வாறு வைவது? மாமாவும் வையவில்லை. அவனைத் திண்ணையில் இருத்தி மோர் கொடுத்தார். இவ்விலங்கு 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது என்றும், பிடித்தவனுக்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறை என்றும், ஐந்நூறு ரூபாய் தருவதாகச் சொன்ன ஆள் அன்று வந்து அவனுக்காக நிற்கமாட்டான் என்றும் பொறுமையோடு எடுத்துரைத்தார். பாட்டியைத் தாமே அடுத்த வாரம் கண் மருத்துவ முகாமுக்கு அழைத்துச் செல்வதாகவும் கூறினார். பின்னர் வனக் காவலர்க்குத் தொலைபேசியில் அறிவித்தார். அவர், காயம் இல்லையாயின் இருள் வந்ததும் பிடித்த வேலியிலேயே விட்டுவிடுமாறும், தாம் மறுநாள் வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

அவ்வேலி மாமாவின் நிலத்து வேலியே. கிளுவையும் வேலமும் உசிலும் கொடிகளோடு பின்னி வளர்ந்தது; மூன்று தலைமுறைக்கு முற்பட்டது என்பர். மாலை வரை கூடை இருட்டறையில் இருந்தது. யான் துணியைச் சற்று விலக்கிப் பார்த்தேன். மயிர்ப்பந்து ஒன்று, அதனிடையே ஒரு கை மட்டும் வெளியே நீண்டு கூடையின் விளிம்பைப் பற்றியிருந்தது. மனிதக் கை போலவே நகங்களும் இரேகைகளும் உடைய அக்கை, என் சுண்டுவிரல் நுனியளவே இருந்தது.

எட்டு மணிக்கு மாமா கைவிளக்கின் முகத்தில் செந்நிறக் காகிதத்தை ஒட்டிக்கொண்டு வர, சிறுவன் கூடையைக் கிளுவைக் கிளையின்மேல் சாய்த்துப் பிடித்தான். நெடுநேரம் யாதும் நிகழவில்லை. பின்னர் ஒரு கை கிளையைப் பற்றியது. அதன்பின் மற்றொரு கை. பின்னங்கால்கள் கூடையை விடாமல் நிற்க, உடல் மெல்ல மெல்ல நீண்டு ஒரு பாலம் போல ஆயிற்று. கடைசியிற் கால்களும் கூடையை விட்டன. கிளையில் ஓர் இலையும் அசையவில்லை. சிறிது தொலைவு சென்று திரும்பி நோக்கியது. அவ்விரு தணல்களையும் கண்டபோது, என்னை ஏசியவர் என்னைப் பெரிதும் உயர்த்திவிட்டார் என்றே எண்ணினேன். "பெண் தேவாங்கு ஐயா, வயிறு பெரிதாக இருந்தது" என்றான் சிறுவன் தாழ்ந்த குரலில். அவன் அதனை முன்னரே அறிந்திருந்தான்.

அம்மலைப் பகுதியையே தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் கடவூர்த் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்புடையது. இவ்விலங்கின் பெயரால் இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம் இதுவே. பயிரை அழிக்கும் பூச்சிகளை உண்டு உழவர்க்கு உதவும் விலங்கு என அரசும் அன்று எடுத்துக்காட்டிற்று. பெங்களூரிலே, இந்திய அறிவியற் கழக வளாகத்து மரங்களில் இன்றும் காட்டுக் குழந்தைகள் வாழ்கின்றன. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில், அற்றுப்போயிற்று என்றே கருதப்பட்ட மலைத் தேவாங்கின் நிழற்படம் 2010-ல் வெளியாகி அறிஞரை மகிழ்வித்தது. இவை நற்செய்திகளே.

ஆயினும் சரணாலயத்தின் எல்லை காட்டோடு முடிந்துவிடும். தேவாங்கு அவ்வெல்லையை அறியாது. காட்டினின்று உயிர்வேலி வழியாகத் தோட்டத்துக்கும், தோட்டத்தினின்று புளியமரத்துக்கும் செல்லும். இடையில் வேலி அறுந்த இடத்தில், தாவ அறியாத அது தரையில் இறங்கியே ஆதல் வேண்டும். அங்கே நாய் உண்டு. சாலையில் ஊர்தி உண்டு. கிளையென்று எண்ணி மின்கம்பியைப் பற்றி மாள்வனவும் உள. புதர்க் குழந்தையாயின் ஒரு தாவலில் கடந்துவிடும் இடைவெளி இதற்கு உயிர்க்கடன் ஆகிறது. அகன்ற சாலைகளும் கம்பிவேலிகளும் பெருகுந்தோறும் அவ்விடைவெளிகளும் பெருகுகின்றன. கம்பிவேலி செலவில் எளிது. ஆண்டுதோறும் கழிக்க வேண்டுவதில்லை. நிலமும் ஒரு முழம் மிச்சமாகும். மாமாவின் நிலத்தை அடுத்தவர் மூவரும் சென்ற இரண்டாண்டுகளில் மாற்றிவிட்டனர்.

மறுநாட் காலையில் வனக் காவலர் வந்து வேலி முழுவதும் நடந்து பார்த்தார். யாதும் புலப்படவில்லை, பகலில் அவ்வாறே இருக்கும் என்றார். கம்பிக்காரரிடம் மாமா முன்பணம் கொடுத்திருந்ததை அத்தைதான் எனக்குச் சொன்னார்கள். அன்று மாலை மாமா சைக்கிளில் ஏறிச் சென்று அம்முன்பணத்தைத் திரும்பக் கேட்டார். பாதிதான் கிடைத்தது.